உருகுவேயின் பிரதிநிதி

மூன்று நாளும் என் பெயர் உருகுவே.
கழுத்து அட்டை அப்படித்தான் சொன்னது.
"உருகுவே, உங்கள் நேரம் முடிந்தது"
என்று மணியைத் தட்டினான் தலைமேசைப் பையன்.
பார்த்தே இராத நாட்டின் ஆறுகளுக்காக
இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு வாதாடினேன்.
கோட்டு, சித்ராதேவி டீச்சரின் தங்கையுடையது.
கை நீளம். பேச எழும்போதெல்லாம்
விரல்களைத் தேடி வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறு பேர்.
படிவம் நான்கு. ஐந்து பேருக்கு முதல் விமானம்.
ஏற்கெனவே பறந்த ஹன் வெய்
காது அடைத்தால் என்ன செய்வதென்று
வரிசை வரிசையாக வந்து பாடம் எடுத்தான்.

கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்கு வரும் வழியில்
அவன்தான் முதலில் கண்டான்.
"யுகேஸ், அது உன் எழுத்துதானே?"

பொலிஸ் நிலையம்.

நடு வரியில் இருந்தது.
கோயில் திருவிழா பதாகை இல்லை,
கல்யாண மண்டபம் இல்லை,
நகைக்கடை இல்லை.
அரசாங்கம் தன் காசில் எழுதிய தமிழ்.

அதற்குப்பின் நான் ஜன்னலை விடவில்லை.
அஞ்சல் அலுவலகம். இரத்த வங்கி.
வளைவு, அவதானம்.
ஒரு பலகையில் "வாகனம் நிறுத்ததீர்" என்றிருந்தது.
துணைக்கால் எங்கோ விழுந்திருந்தது.
நொண்டிக்கொண்டாவது நிற்கிறதே என்று
அதையும் ஹன் வெய்யைப் படமெடுக்கச் சொன்னேன்.

பின்லாந்தின் பெயர் சாம்பவி. வெள்ளவத்தைக்காரி.
தண்ணீர்த் தீர்மானத்தின் நான்காம் பிரிவில்
"முயலலாம்" என்பதை
"செய்தே ஆகவேண்டும்" என்று மாற்றக் கேட்டு
இருவரும் சேர்ந்து எழுந்தோம்,
பதினொரு வாக்கில் சேர்ந்து தோற்றோம்.
தோற்றவர்களுக்கு நிறையப் பசிக்கும்.

காலிமுகத்திடல்.
காற்று கோட்டின் கையை நிரப்பி
எனக்கு இன்னொருத்தியின் புஜம் வைத்தது.
இஸ்ஸோ வடைக்காரர் மீதி தந்த தாளை
விளக்கருகே பிடித்துப் படித்தேன்.

"என்ன உத்துப் பாக்கிறீர்? கள்ள நோட்டோ?"
"தமிழ் இருக்கு லா. காசுல."
"நூறு ரூபாய் எண்டுதானே போட்டிருக்கு.
அதுக்கு ஏன் கண் கலங்குது? மிளகாயோ?"

பிறகு இறாலின் வாலைக் கிள்ளிப் போட்டுவிட்டு,
கடலைப் பார்த்தபடி சொன்னாள்:
"எழுத்திட்ட ஒருத்தரும் ஐசி கேக்க மாட்டினம்.
அப்பா இப்பவும் சட்டைப் பையைத்
தொட்டுப் பாத்திட்டுத்தான் பஸ் ஏறுவார்.
சோதனைச் சாவடி போய் எத்தினை வருசம்!
கைக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போல."

ஐசி.
இத்தனை கடல் தாண்டியும்
மொழிபெயர்க்கத் தேவைப்படாத சொல்.
நீல ஐசி கேட்டு முப்பது வருடம் படிவம் நிரப்பி
சிவப்பு ஐசியோடே செத்துப்போன
என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன்.
ஐசியில் நிறம் உண்டா என்று கேட்டாள்.
உண்டு என்றேன்.
காகங்கள் வந்து வாலைத் தூக்கிப் போயின.

உருகுவேக்கும் பின்லாந்துக்கும்
அன்றிரவு வேறு அலுவல் இல்லை.

அந்தத் தாளைச் செலவழிக்கக் கூடாதென்று
பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தேன்.
கடைசி நாள், கொள்ளுப்பிட்டியில், மழையில்,
சில்லறை இல்லாமல் பஸ் ஏறியபோது
வேறு வழியில்லை.

நடத்துநர் அதைப் பார்க்கவே இல்லை.
நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் மற்ற தாள்களோடு செருகினார்,
எனக்குப் புரியாத சிங்களத்தில்
எனக்குப் புரிந்த கோட்டைக்கு ஆள் கூப்பிட்டபடி.
சாம்பவியும் பார்க்கவில்லை.
பிடித்துத் தொங்க ஒரு கம்பி தேடிக்கொண்டிருந்தாள்.
சொந்தக்காரர்கள் இப்படித்தான்போல,
வாசிப்பதில்லை.

"யுகேஸ்வரி, இறங்கும்!" என்று கத்தினாள்.
மூன்று நாளில் முதல் தடவை, முழுப் பெயர்.

நடைபாதையில் உள்ளங்கையைத் திறந்தேன்.
மீதியாக வந்த ஒற்றை நாணயம், நனைந்து.
அதன் விளிம்பருகே, எறும்பளவில்,
இலங்கை.