செவ்வாய்க்கிழமை லோரி

வாரம் மூன்று தடவை வந்த லோரி
இனி செவ்வாய் மட்டும்தான் என்று
கேட்டில் ஒரு தாளைச் சொருகிவிட்டுப் போனார்கள்.
மூன்று மொழியில் இருந்தது.
மூன்றிலும் காரணம் இல்லை.

புதன்கிழமை ஒன்றும் தெரியவில்லை.
வியாழன் இரவு தொட்டியின் மூடி
ஒரு விரல் அளவு எழும்பி நின்றது.
வெள்ளிக்கிழமை ஆயர் ஈத்தாம் சந்தையில் இறால் மலிவு.
சாரதாமணி ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தாள்.
உரித்து முடித்த பிறகுதான் யோசித்தோம்:
தோல், செவ்வாய்வரை எங்கே தங்கும்?

ஃபிரீசரில் தங்கியது.
நாளிதழில் சுற்றி, பையில் போட்டு, இரட்டை முடிச்சிட்டு,
கோழிக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் நடுவில்.
ஞாயிற்றுக்கிழமை வந்த மச்சினன்
ஐஸ் எடுக்கப் போனவன் மூட்டையை அமுக்கிப் பார்த்து
"பரவால்லயே மச்சான், இறாலெல்லாம் சேத்து வச்சிருக்கீங்க" என்றான்.
யாரும் மறுக்கவில்லை.

நவிதா பள்ளியில் படித்து வந்தது:
நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு,
டின்னும் பிளாஸ்டிக்கும் ஆரஞ்சுக்கு.
மைலோ டின்னைக் கழுவினேன்.
சார்டின் டின்னைக் கழுவினேன்.
தயிர் டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.
தாப்பாவ் வாங்கிய மீ கோரேங் டப்பா மட்டும்
எத்தனை சோப்புக்கும் எண்ணெயை விடவில்லை.
எறியப் போவதற்கு இவ்வளவு தண்ணியா என்றாள் சாரதாமணி.
பதில் தெரியாமல்
குழாயைக் கொஞ்சம் மூடினேன்.

மலையிலிருந்து இறங்கும் குரங்குகள்
அந்தத் தாளை எங்களுக்கு முன்பே படித்திருக்க வேண்டும்.
மூடிமேல் செங்கல் வைத்தோம். தள்ளிவிட்டன.
பழைய கார் பேட்டரியை வைத்தோம்.
அதன் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன.

திங்கள் இரவு
பாலிக் பூலாவ் டுரியான் தோல் இரண்டு சாக்கில்.
எங்கள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
பக்கத்து வீட்டு மேடம் கூ
ஜன்னல் கம்பி வழியே "தாரோ சினி லா" என்றார்.
இங்கே போடு, என்னுடையது காலிதான்.

திறந்தேன்.
அடியில் ஒரே ஒரு பை.
மெல்லிய பை. உள்ளே முட்டை ஓடு தெரிந்தது.
ஏழு நாளுக்கும் அவ்வளவுதான்.

போன வருடம் தெருவிலேயே
முதலில் நிரம்பியது இந்தத் தொட்டி.
அவர் கணவர் படுக்கையில் கிடந்தார்.
டயாப்பர், கையுறை, பால்மாவு டின், புண் துடைத்த பஞ்சு.
மூடி மூடாது.
காற்று எப்போதும் எங்கள் பக்கமே வீசுவதாக எனக்குத் தோன்றியது.
மாநகர் மன்றத்துக்குப் போன் போட்டேன்.
பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை.
வீட்டு எண் கேட்டார்கள்,
அவருடையதைச் சொன்னேன்.
ஒரு சிவப்பு நோட்டீஸ் அவர் கேட்டில் ஒட்டிக் கிடந்து
மழையில் ஊறி, எழுத்து ஒழுகி,
ஒரு நாள் காணாமல் போனது.
அதற்கடுத்த வாரம் அந்த வீட்டு வாசலில் கூடாரம் போட்டார்கள்.

அதே தொட்டிக்குள் இப்போது
சாக்கைக் கவிழ்க்கிறேன்.
துணியைத் தாண்டி முள் கையைக் குத்துகிறது.
"மானிஸ்?" என்கிறார் மேடம் கூ.
இனிப்புதான் என்கிறேன்.
ஒரு சுளைகூட அந்த வீட்டுக்குப் போகவில்லை என்பது
சொன்ன பிறகுதான் உறைக்கிறது.

விடியுமுன் இரண்டு தொட்டியையும்
நானே இழுத்துப் போனேன்.
அவருடையதில் ஒரு சக்கரம் இல்லை.
ஒரு பக்கம் சாய்ந்து, தார் ரோட்டைக் கீறிக்கொண்டே வந்தது.
இத்தனை காலம் இந்தச் சத்தத்தில்
நான் தூங்கியிருக்கிறேன்.

லோரிக்காரன் தூக்கிப் பார்த்து, கனத்தில் திகைத்து,
இந்த வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்களா என்று
மலாயில் கேட்டான்.
நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று
எனக்கே தெரியாது.

லோரி முனை திரும்பியது.
உள்ளேயிருந்து சாரதாமணி கத்தினாள்:
"ஐயோ, ஃபிரீசர்!"