குளிரில் முரண்டும்

விற்றவன் பெயர் யெஸ்டின்.
டோல்கெத்லாயில் கூரைப் பலகை மாற்றுகிறவன்,
இருபத்தாறு வயது.
குழந்தை இருக்கையைப் பின்னால் நுழைக்க
முன் இருக்கையைச் சாய்த்து, தன்னையும் சாய்த்து,
முதுகு பிடித்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தானாம்.
மூன்றே கதவு.
வாசலில் குழந்தையோடு நின்ற பெண்
அதை இரண்டாம் தடவையும் சொன்னாள்,
நான் மனம் மாறிவிடக் கூடாதென்று.

மஞ்சள்.
எலுமிச்சை மஞ்சளில்லை, கடுகுப்பூ மஞ்சளுமில்லை,
சாலைப் பணியாளர் சட்டையின் மஞ்சள்.
தொண்ணூற்றெட்டாயிரம் மைல்.
டயப்பர் வாங்கிய ரசீதின் பின்பக்கம்
குறைகளை எழுதித் தந்தான்:
இரண்டாம் கியர் குளிரில் முரண்டும்.
இடப்பக்கக் கண்ணாடி இறங்கும், ஏறாது.
டைமிங் பெல்ட் மாற்றிய தேதி
என்ற வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி.

சாவியை என் கையில் வைத்தவன்
திரும்ப வாங்கிக்கொண்டான்.
"ஒரே ஒரு தடவை."
மிதித்தான். தெரு அதிர்ந்தது.
குழந்தை அழவில்லை.
அவன்தான் மூக்கைத் துடைத்து, சளி என்றான்.

வேனாக வாங்கியிருக்கலாமே என்றாள் அக்கா.
வாங்கியிருக்கலாம்.
நான் கல்யாணக் கேக் செய்கிறவள்.
இருபது வருடம் வேன் ஓட்டினேன்,
அதன் பக்கவாட்டில் வேறொருவர் பெயர் இருந்தது.

காப்பீட்டுக்காரி தொலைபேசியில் வயதைக் கேட்டாள்.
ஐம்பத்து மூன்று.
மறுபடி கேட்டாள்.
தொகை பாதியாகக் குறைந்தது.
இந்த வயதுக்கு இதுவரை யாரும்
ஒரு பென்னி தள்ளுபடி தந்ததில்லை.

முதல் மாதமே பெல்ட். கூடவே வாட்டர் பம்ப்.
கிளட்ச் வாடை வேறு.
குதிரை கீழே தள்ளியதுமில்லாமல்
குழியும் பறித்த கதை.
கிவிலிம் அதைத் தூக்கி நிறுத்தி, அடியில் நின்று,
பல் டாக்டர் போல நாக்கைத் தட்டினார்.
"நெரிஸ், உனக்கு இது தேவையா?"
தேவை என்று யார் சொன்னது?
அறுநூற்று எழுபது பவுண்டு. மூன்று தவணை.

அதன் ஸ்பிரிங் இருக்கிறதே,
சாலையில் ஒரு பொத்தான் கிடந்தால்
அது இரண்டு துளையா நாலு துளையா என்று
முதுகெலும்பே சொல்லிவிடும்.
அதில்தான் சனிக்கிழமை
மூன்றடுக்குக் கேக்கை ஏற்றினேன்
பார்மவுத் கடலோர விடுதிக்கு.
பின்னிருக்கையை மடித்து, ரப்பர் பாய் விரித்து,
நீர்மட்டம் வைத்துப் பார்த்து.
மணிக்கு இருபது மைல்.
பாற்குடம் எடுத்தவள் நடையில் போனது
இருநூறு குதிரை.

பின்னால் பதினொரு கார்.
கோரிஸ் தாண்டியதும்
ஒரு டிராக்டர் என்னை முந்தியது.
ஓட்டியவன் தொப்பியைத் தூக்கினான்.
பேருந்து நிறுத்தத்துப் பையன்கள்
ஒரு முறுக்கு முறுக்கு என்று கையைச் சுழற்றினார்கள்.
எஞ்சின் அடித்தொண்டையில் முனகியது.
பொறு, என்றேன்.
பெண்ணின் அம்மா காத்திருக்கிறாள்.

ஒரு சர்க்கரை ரோஜா மட்டும் உடைந்தது.
டாஷ்போர்டுப் பெட்டியில் ஆறு உதிரி வைத்திருந்தேன்,
டயர் அழுத்தமானிக்குப் பக்கத்தில்.

திரும்பும்போது பின்னால்
காலி அட்டைப்பெட்டிகள் மட்டும்.
கணவாய்ச் சாலையில் ஆளில்லை, ஆடுமில்லை.
இரண்டாம் கியர் முரண்டவில்லை.
மூன்றில் முள் ஐந்தாயிரத்தைத் தொட,
அட்டைகள் ஒவ்வொரு வளைவிலும்
இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடின.
யெஸ்டின் ஏன் சளி என்றான் என்பது
நாலாவது வளைவில் விளங்கியது.
என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது,
சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

தூறல் பிடித்தது.
இடப்பக்கக் கண்ணாடியை இறக்கினேன்.
ஏறாதென்று தெரியும்.
ஈர இருக்கையில் மாவு மூட்டையை
எப்படி வைப்பது என்பது
திங்கட்கிழமைப் பிரச்சினை.