கூட்டக் குறிப்பில் இல்லாதவை

பிரேமன் நகரம். ஜன்னலில் சாய்மழை.
மேசைமேல் மூன்று ராக்கெட்டுகள், முழ உயரம்.
நான் குறிப்பெழுதுகிறவள்.

ஒன்னோவுடையது திரும்பி வரும்,
நாரை மாதிரி காலூன்றி நிற்கும்.
"அந்தக் கால்களின் எடைக்கு
இன்னொரு செயற்கைக்கோளே ஏற்றலாம்" என்றாள் வீப்கே.
அவளுடையது திட எரிபொருள். மலிவு, முரடு,
பற்றவைத்தால் பற்றவைத்ததுதான்.
"நடுவழியில் மனம் மாறினால்?"
"மாறக் கூடாது."

இருவரும் மணவிலக்குப் பெற்றவர்கள் என்பதை
நான் எழுதவில்லை.

மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
அதன் நுனியில் யாரோ
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டியிருந்தார்கள்.

பதினோராவது மணிநேரம், ஆறிய காபி, முடிவு:
நடுத்தண்டு அவனுடையது, கால்களை வெட்டிவிட்டு.
இரு விலாவிலும் அவளுடைய நெருப்பு.
ஒருவருக்கும் பிடிக்கவில்லை.
ஏகமனதாக நிறைவேறியது.

டிராம் நிறுத்தத்தில் அவர்களுக்கு ஒரே குடை.
நானூறு கிலோவுக்காக இன்னும் சண்டை.
ஆறாம் எண் வந்தது. நான் மட்டும் ஏறினேன்.
கதவு மூடுமுன் கேட்டது:
"காலே இல்லையென்றால் எங்கே போய் இறங்கும்?"
இடது தோள் சொட்டச் சொட்ட நின்றான் ஒன்னோ.
"கடலில்" என்றாள்,
குடையைக் கொஞ்சம் நகர்த்தி.