எஃப் கட்டடத்துக்குப் போகும் வழி

கேண்டீன் பின்புறம், எண்ணெய் டின்கள் அடுக்கிய மூலையில்
பூட்டுக்குப் பதில் கம்பி முறுக்கிய இரும்பு மூடி.
சனிக்கிழமை. மணி ஒன்பது.
ஜாகா தே ஓ குடித்துத் திரும்ப இருபது நிமிடம்
என்று கணக்குச் சொன்னான் வெய் லுன்.
ஹஸ்ரில் கம்பியை அவிழ்த்தான்.
லோகினி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள்,
கோயிலுக்குள் போகிறவள்போல்.

கீழே, இடப்பக்கம் கட்டுக்கட்டாய் மின்கம்பிகள்.
வலப்பக்கம் இரண்டு பெருங்குழாய்,
வெள்ளித் தகடு உடுத்தி
உடம்பெல்லாம் வியர்த்து.
தொட்டேன். ஐஸ்.
நாங்கள் ஸ்வெட்டருக்குள் தூங்கும் விரிவுரை மண்டபத்துக்குக்
குளிர் இப்படித்தான் நடந்து போகிறது
பீடோங் வெயிலுக்குத் தெரியாமல்.

'பஹாயா' என்று சிவப்பில் பத்துப் பலகை.
பத்துக்கும் தப்பினேன்.
அடுத்த வளைவில் மண்டை இடித்தது.
டார்ச்சைத் தூக்கினால், உத்தரத்தில்
சாக்கட்டியில், தமிழில், ஒரே சொல்:
குனி.
மரியாதையெல்லாம் இல்லை.
எழுதியவனும்
மண்டையைத் தடவிய கையோடு எழுதியிருப்பான்.

நூலகத்துக்கு அடியில் ஒரு சல்லடைக் கம்பி.
மேலே யாரோ ஒருத்தி போனில் அழுதாள்,
"ரெண்டு பேப்பர்மா, ரெண்டுதான்" என்று.
விளக்கை அணைத்து நின்றோம்.
அவள் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை ஒருவரும் நகரவில்லை.
திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் குரலைத் தேடக்கூடாது
என்று நினைத்தேன்.
தேடினேன்.

ஏ, பி, சி, டி, இ. சுவரில் அம்புக்குறிகள்.
பிறகு எஃப்.
மேலே அப்படி ஒரு கட்டடமே இல்லை.
இரண்டாம் கட்டம்,
காசு தீர்ந்து கட்டாமல் விட்ட கட்டம்.
அதற்குப் போகும் வழி மட்டும் தயார்.
குழாய் வாயில் மூடி போட்டு நின்றது,
சொல்ல வந்ததை விழுங்கியவன் மாதிரி.
அப்பால் செம்மண் சுவர்.
கூரை விரிசலில் செம்பனை வேர்கள்
நனைந்த சாக்கு நூலாய்த் தொங்கின.

ஏணி. மேலே இன்னொரு மூடி. அசையவில்லை.
ஹஸ்ரில் தோள் கொடுத்தான். என்னவோ கனம்.
பிறகு அந்தக் கனம் தானே எழுந்துகொண்டது.

வெயில். பனை வரிசை.
உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர்,
கையில் தூக்குச்சட்டி, வாயில் பாதி ரொட்டி,
மண்ணிலிருந்து தலைகள் முளைப்பதைப் பார்த்தார்.
அலறவில்லை.
"இன்னும் எத்தன பேரு உள்ள?"
நாலுதான்கா.
"இது மேலதான் தெனம் பசியாற உக்காருவேன்.
எந்த வெயில்லயும் சில்லுனு இருக்கும்.
அடியில ஆறு ஓடுதுன்னு நெனச்சேன்."

என்ன சொன்னார் என்று கேட்டான் வெய் லுன்.
மொழிபெயர்க்கத் தொடங்கி
ஆறு என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அவர் மூடியை இழுத்துப் போட்டார்.
அதே இடத்தில் உட்கார்ந்து
மிச்ச ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டார்.
லோகினியின் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.
கொஞ்சம் எழுந்திருங்கக்கா என்று கேட்க
யாருக்கும் வாய் வரவில்லை.
பனை முள்ளுக்கு ஒவ்வொரு அடியாய்ப் பார்த்துவைத்து
அவள் முன்னால் நடந்தாள்.