மூன்று நிமிடம்

சுபுத் நெடுஞ்சாலை. விடியற்காலை ஐந்தேகால்.
கம்பளி மூட்டைகளின் கயிற்றை
இறுக்கிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று என் நிழல்
சரளைமேல் விழுந்தது.
நிலவில்லாத வானத்தில் ஏது நிழல் என்று
யோசிப்பதற்குள்
அது என் காலைச் சுற்றி நகர்ந்து
லாரிக்கு அடியில் போய்விட்டது.

நிமிர்ந்தேன்.
பச்சை. பிறகு வெல்டிங் வெள்ளை.
வேலிக்கு அப்பால் படுத்திருந்த ஆடுகள்
ஒன்றுவிடாமல் எழுந்து நின்றன.
சத்தமே இல்லை.

ரேடியோவை எடுத்தேன்.
“ஒலேகாரியோ, வானத்தில் ஏதோ எரிந்துகொண்டு போனது.”
“கண் அசந்திருப்பாய் நெலிதா. மாத்தே போட்டுக் குடி.”
இருட்டு பழையபடி மூடிக்கொண்டது.
மிஞ்சிய புகைக்கோடும்
கோணிக் கோணிக்
கலைந்துகொண்டிருந்தது.
“இருக்கலாம்” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை,
இடி.
கதவுக் கண்ணாடி அதிர்ந்தது,
கெட்டில் மூடி துள்ளி விழுந்தது.
சமவெளியின் அந்தக் கோடியிலிருந்து
மூன்று நிமிடம் நடந்தே வந்த இடி.

ரேடியோவில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு மெதுவாக,
“நெலிதா, அங்கேயும் கேட்டதா?”

நான் பதில் சொல்லவில்லை.
ஆடுகள் இன்னும் படுக்கவில்லை.
முடிச்சை எங்கே விட்டேன் என்று
விரல்கள் இருட்டில்
கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தன.