முழுக்கைச் சட்டை

கொசப்பேட்டையில் வீடு,
கொசு ஒழிப்பில் வேலை.
சூப்பர்வைசர் தனகோட்டி இந்தச் சிரிப்பை
நாலு வருஷமாகச் சிரிக்கிறார்.
கூலி ஏற்றச் சொன்னால் மட்டும் நிறுத்துவார்.

டார்ச், அட்டை, கறுப்புப் பேனா,
புடவைமேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை.
நாற்பத்து மூன்று டிகிரியில்
அது சட்டையில்லை, இட்லிக் குண்டான்.
ஆனாலும் கழற்ற மாட்டேன்.
பகலில் கடிக்கிற வரிக்கால்காரி
முழங்கைக்குக் கீழேதான் கடை விரிப்பாள்.

போன வாரம் கோடை மழை
பத்து நிமிஷம் பேருக்குப் பெய்துவிட்டுப் போனது.
தேங்காய் ஓடு, டயர், உடைந்த கம்மோடு
எல்லாம் இப்போது பிரசவ வார்டு.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜ்.
அறைக்குள் வேக முடியாமல்
மொட்டைமாடியில் பாய் விரித்த குடும்பம்.
கொல்கத்தாவுக்கும் அப்பால் ஊர்.
அப்பாவுக்கு ரத்தத்தில் ஏதோ;
ஃபைல் தலையணை அளவு இருந்தது.
பையனிடம் பேர் கேட்டேன்.
பிட்டு என்றான்.
எனக்குப் பசித்தது.

கை காலெல்லாம் தடிப்பு,
சொறிந்து சொறிந்து மூன்று இடத்தில் நீர் கோத்திருந்தது.
அம்மா தன் கையில் ஓங்கி ஓர் அறை வைத்து
‘மொஷா’ என்றாள்.
நான் என் கன்னத்தில் ஒன்று வைத்து
‘கொசு’ என்றேன்.
அகராதி அவ்வளவுதான்.
மீதியைக் கைகள் பேசின.
சோப்புப் போட்டுக் கழுவு.
கரும்பு ஜூஸ் கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸை
துணியில் சுற்றி வை.
நகம் வெட்டு.
சீழ் வைத்தால், ஜுரம் வந்தால்
அதோ, எதிரிலேயே ஆஸ்பத்திரி.
அவள் சிரித்துவிட்டாள்.
அதற்காகத்தானே இத்தனை தூரம்.

பிறகு நீல டிரம். மூடி இல்லை.
கால் டிரம் தண்ணீரில் டார்ச் அடித்தேன்.
கமா கமாவாக நெளிந்தது.
சட்டம் தெரியும்: கவிழ்த்து, தேய்த்து, காயவிடு.
பையில் மருந்து தீர்ந்திருந்தது.
மூன்று மாடி, குடம் குடமாய் அவள் சுமந்தது.
இடுப்புப் புடவையில் குடத்தின் வட்டம்
நைந்து கிடந்தது.
பாலாற்றிலேயே தண்ணீர் தேடும் ஊரில்
எந்தக் கையால் கவிழ்ப்பேன்?

சட்டையைக் கழற்றினேன்.
முதுகுப் பக்கத்தை இரண்டாய் மடித்து
வாளி வாயில் நான் பிடிக்க, அவள் ஊற்ற,
தண்ணீர் இறங்கியது, புழு தங்கியது.
தளத்தில் உதறினேன்.
இந்த வருஷ அக்கினி நட்சத்திரம்
எனக்குச் செய்த ஒரே உதவி
அரை நிமிஷத்தில் முடிந்தது.

முட்டை ஒட்டியிருக்கும் உள்சுவரை
நாரால் தேய்த்துக் கழுவி
திருப்பி ஊற்றி
சட்டையை வாய்மேல் இழுத்து
இரண்டு கைகளையும் டிரம்மின் கழுத்தில் முடிந்தேன்.
வீட்டுக்காரர் என்னைக்கூட
அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

அட்டையில் எழுதினேன்: புழு இல்லை.
தேதி. கையெழுத்து.

ஆறரைக்குக் கோட்டை அகழி ஓரம்
வெறுங்கையோடு நடந்தேன்.
பதினேழு கடி.
சொறியாதே என்று ஊருக்குச் சொன்னவள்
பதினொன்றுவரை தாக்குப்பிடித்தேன்.

வாசலில் லோடு ஆட்டோவைத் துடைத்தபடி
அவர் கேட்டார்: என் சட்டை எங்கே?

டூட்டியில இருக்குது.