பிழை ஐந்து

கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று
நாலு மணிக்குச் சொன்னார்கள்.
தரைத்தளத்துக் கணினியில் இருப்பதையெல்லாம்
வெளிவட்டில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோ என்றது
போனில் மேலாளர் குரல்.
அவர் வீடு நெல்லிக்குப்பத்தில். வரவில்லை.

ஒரே வரிக் கட்டளை.
எழுதி, எண்டர் தட்டி, டீ குடிக்கப் போனேன்.
முதுநகரில் பாதிக் கடை சாத்தியிருந்தது.

திரும்பி வந்தால் கறுப்புத் திரையில்
குப்பங்கள் நகர்ந்துகொண்டிருந்தன:
தாழங்குடா, தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம்,
சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி,
படகு எண், வங்கிக் கணக்கு,
தடைக்கால நிவாரணப் பட்டியல்,
கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்.
பிறகு ராசாப்பேட்டை.
அங்கே நின்றது.

பிழை 5. அணுகல் மறுக்கப்பட்டது.
முப்பது நொடி காத்திருக்கிறது.
மறுபடி முயல்கிறது.
பிழை 5.

நான் இந்த இயந்திரத்தின் நிர்வாகி.
என் பெயருக்குப் பக்கத்திலேயே அப்படிப் போட்டிருக்கிறது.
மாதம் பன்னிரண்டாயிரம், ஒப்பந்தம் மார்ச் வரை.

எத்தனை தடவைதான் முயலும் என்று
உதவிக் குறிப்பைத் திறந்தேன்.
நாம் ஒன்றும் சொல்லாவிட்டால்
பத்து லட்சம் தடவை.
பெருக்கிப் பார்த்தேன்:
முந்நூற்று நாற்பத்தேழு நாள்,
ஒரே ஒரு கோப்புக்கு.
எங்கள் கவுண்டருக்கு மனுவோடு வருகிறவர்கள்கூட
மூன்றாம் நடைக்கு
கம்பியைத் தட்டிக் கத்திவிடுவார்கள்.

நிறுத்தினேன்.
இரண்டு தடவை, ஐந்து நொடி என்று மாற்றி
தோற்றதை எழுதிவைக்க ஒரு பதிவேடும் கொடுத்தேன்.
இப்போது சீக்கிரமாகத் தோற்றது.

உரிமையாளர் யார் என்று கேட்டால்
பெயர் இல்லை.
எஸ் என்று தொடங்கி
கோடு போட்டுக் கோடு போட்டு நீளும் ஓர் எண்.
கணக்கை நீக்கிவிட்டால் அப்படித்தான்.
ஆள் போன பிறகும்
எண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் தனக்கோடி.
இப்போது புதுச்சேரியில், நெல்லித்தோப்புப் பக்கம்
டயர் கடையில் பில் போடுகிறாள்.
கூப்பிட்டேன். எதையோ தாளிக்கிற சத்தம்.
"ராசாப்பேட்டையா" என்றாள்.
"முந்நூத்திப் பன்னெண்டு பேரு அதுல.
எண்ணிட்டுத்தான் பூட்டுனேன்.
கையெழுத்தான மறுநாளு
இன்னும் பத்தொம்பது பேரச் சேருன்னாரு.
போட்டே இல்லாத பத்தொம்பது பேரு."
கரண்டியை வைத்தாள் போல.
"என்னைத்தான் தூக்கத் தெரிஞ்சுது அவங்களுக்கு."

உரிமையை எடுத்துக்கொள் என்று ஒரு கட்டளை உண்டு.
என் பெயரை மேலே எழுதிக்கொண்டு
உள்ளே போய்விடலாம். இரண்டே வரி.
எனக்குத் திறந்தது
அவருக்கும் திறக்கும்.

வாட்ச்மேன் ஜக்கரியா டார்ச்சோடு வந்து
"ரெண்டு படி முங்கிடுச்சு தம்பி" என்றார்.

இன்னொரு வழி, காப்புப்பிரதி முறை.
கட்டளையின் வாலில் ஒரே ஓர் எழுத்து.
வெள்ளத்தில் பீரோவைத் தூக்குகிறவர்கள்
சாவி கேட்பதில்லை,
பூட்டினபடியே தூக்குவார்கள்.
பூட்டையும் சேர்த்தே படியெடு என்று
இன்னொரு சொல்லும் எழுதினேன்.
இங்கே யாருடையதோ அங்கேயும் அவருடையது.
சில வட்டுகளுக்கு அதைத் தாங்கத் தெரியாது,
இதற்குத் தெரியுமா என்று பார்த்துக்கொண்டேன்.

எண்டர்.
பதினோரு நொடியில் ராசாப்பேட்டை கடந்தது.
தோல்வி: 0.

மாடிப்படியில்
சட்டைக்குள் வட்டு சுட்டுக்கொண்டிருந்தபோது
மறுபடி நெல்லிக்குப்பம்.
"எல்லாம் வந்துருச்சா?"
"வந்துருச்சு சார்."
"அந்த ராசாப்பேட்டை?"
"அதுவும்."
மழை கொஞ்சம் பேசியது.
"தொறக்குதா?"
"இல்ல சார்" என்றேன்,
"முன்ன மாதிரியேதான் இருக்கு."